மூலைவிட்டத்தில் ஓர் இரண்டு

"வீட்டுக்குள்ள கணக்குப் பேச்சு வேண்டாம். உன் வேலைய நான் பார்க்க மாட்டேன், என் வேலைய நீ பார்க்காதே. சரியா?"

"ஏன், சண்டை வரும்னு பயமா?"

"நீ ஜெயிச்சிடுவேன்னு பயம்."

கல்யாணத்துக்கு முன்பு, நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் அவளிடம் பேசியது. அப்போது இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். பிறகு மகள் பிறந்தாள்; மனைவி பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். அவன் மட்டும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, எண்கோட்பாட்டில் யாரும் நிரூபிக்காத ஓர் ஊகத்தின் பின்னால் போனான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று கேட்கத் தோன்றும். அந்த ஒப்பந்தம் நினைவுக்கு வரும், கேட்காமல் விட்டுவிடுவாள்.

மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'பூஜ்ஜியம்'. காரணம் அந்த ஊகம்தான். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஓர் ஆபரேட்டர், அதாவது ஒரு கணிதச் செயலி, உண்டு. அதை எண்களைச் சதுரமாக அடுக்கிய அணியாக எழுதலாம். மூலைவிட்டத்தில் நிற்கும் எண்களைக் கூட்டினால் வருவது ட்ரேஸ். எந்தப் பகா எண்ணுக்கும் அது பூஜ்ஜியமாகவே வரும் என்றது ஊகம். கணித உலகத்தில் அதைச் சந்தேகப்பட்டவர்கள் யாரும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்யாத முகத்தோடு சமையலறைக்கு வந்தான்.

"டீச்சர், ஒரு உதவி. ஒரே ஒரு பகா எண்ணுக்குக் கூட்டல் உதைக்குது. எங்கே தப்புப் பண்ணேன்னு தெரியல. நாளைக்கு டைரக்டர்கிட்ட ஆராய்ச்சிய விட்டுடறேன்னு சொல்லிட்டு, அவர் குடுக்கற நிர்வாக வேலைய வாங்கிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி இன்னொரு கண்ணு பார்க்கட்டும்."

"பூஜ்ஜியத்துக்கே கூட்டத் தெரியலையா?" என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவன் கொடுத்த தாள்கட்டை அவள் பிரிக்கவில்லை. பிரித்தால் அவன் சறுக்கிய இடத்திலேயே தானும் சறுக்கலாம். அணியை எழுத எடுத்துக்கொள்ளும் அச்சுகளை, அதாவது அடிப்படையை, மாற்றி எழுதினால் அணியிலுள்ள எண்கள் எல்லாம் மாறும், ட்ரேஸ் மட்டும் மாறாது. எனவே வேறோர் அடிப்படையில் முதலிலிருந்து எழுதி, மடிக்கணினியில் தன் நிரலை ஓடவிட்டாள்.

"ரெண்டு படிச்சவங்க, ஒரு கூட்டலுக்கு ஒரு நாளா?" என்றார் அத்தை, அவனுடைய அம்மா. "என்கிட்ட குடுத்திருந்தா விரல்விட்டே எண்ணியிருப்பேன்."

சாயங்காலம் அவள் கணினியை மூடினாள். அவமானமாக இருந்தது.

"எனக்கும் பூஜ்ஜியம் வரலப்பா. பாடம் நடத்தி நடத்தி மூளை துருப்பிடிச்சுப் போச்சு."

"பரவாயில்ல, விடு. எவ்ளோ வந்துச்சு?"

"ரெண்டு."

அவன் கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டுன்னு யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? உன் தாளை நான் தொடவே இல்ல. பாரு, கட்டுகூடப் பிரிக்கல."

"எனக்கும் ரெண்டுதான் வருது. மாசக்கணக்கா அந்த ரெண்டைத்தான் தப்புன்னு தேடறேன்."

அவள் கணினியை மறுபடி திறந்தாள். இரண்டு பேர் இரண்டு வழியில் போய்த் தவறி விழலாம். ஒரே குழியில் விழ முடியாது. கூட்டல் சரி. ஊகம்தான் தப்பு.

"என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"உன்னால நிரூபிக்க முடியலன்னு இல்ல," என்றாள், தன் குரல் தனக்கே கேட்காதபடி. "அது உண்மையே இல்ல."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்லாத ஒண்ணுக்கா இத்தனை வருஷம்?" பிறகு தலை நிமிர்ந்தான். "அந்த ரெண்டு எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியாதே. யாரும் அந்தப் பக்கமே போனதில்லையே."

அவளும் அவனெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னையும் சேர்த்துக்கோ," என்று இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டாள். "உன்கூட உட்கார்ந்து நானும் வேலை செய்யணும்."