அக்கா சொன்னதாகச் சொன்னது

லிப்ட் மெக்கானிக்கின் வீட்டில் மூன்று வருடமாக ஒரு வழக்கம் இருந்தது. லீவுக்கு வரும் மகள் சமையலறையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். கன்றுக்குட்டி, காய்ச்சல், பரீட்சை, அறைத் தோழியின் காதல் என்று பேச்சு மடை திறந்து கொட்டும். இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போவார். பேச்சு டக்கென்று நின்றுவிடும்.

"தண்ணியாப்பா?" என்று கேட்டு டம்ளரை நீட்டுவாள் மகள். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. இவர் குடித்துவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், ரேடியோவைக் குறைத்து வைத்த மாதிரி, பேச்சு மறுபடி தொடங்கும். உண்மையில் அவருக்குத் தாகமே இருந்திருக்காது.

எல்லாம் அவர் வாயால் வந்த வினைதான். இருபத்தைந்து வருடமாக ஊரில் உள்ள கட்டடங்களின் லிப்டுகளுக்கு கிரீஸ் போட்டவர் அவர். தான் பின்வாசல் வழியாக வேலைக்குப் போகும் லிப்ட் கம்பெனிக்குள் மகள் முன்வாசல் வழியாக என்ஜினியராகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவளுக்கு என்ஜினியரிங் படிப்பில் இடமும் கிடைத்தது. ஆனால் அதே வாரம் கால்நடை மருத்துவத்திலும் கிடைத்தது. அவள் இரண்டாவதைத்தான் எடுத்தாள். அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் இவர் கத்தினார்.

"போறதுன்னா போ. ஆனா இந்த வீட்டுல ஆடு மாடு பேச்சே இருக்கக் கூடாது. என் காதுல விழக் கூடாது, ஆமா."

கோபத்தில் சொன்னது. ஒரு வாரத்தில் அவருக்கு அது மறந்தே போயிற்று. மகள் மறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்பா சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை அவள். இதையும் தட்டவில்லை.

"கேட்டா சொல்லப்போறா. கேளுங்களேன்" என்பாள் மனைவி.

"அவளுக்கா தோணி சொல்லட்டும்" என்பார் இவர். முழ நீளத்துக்கு வீராப்பு. அதற்குள்ளே இருந்த ஏக்கத்தை அவர் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. மகள் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு அவளுடைய அறையில் போய் ஒரு நிமிடம் நிற்பார். எதற்கு வந்தோம் என்று தெரியாதவர் போல மின்விசிறியின் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

அப்படி இருக்கும்போதுதான் கேள்விக்குறி வந்து சேர்ந்தாள். அடுத்த வீட்டு நர்ஸம்மாவின் மகள், பதினோராம் வகுப்பு. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடமே வைத்த பெயர் அது. ஒரு சனிக்கிழமை காலை, இவர் அந்தக் கட்டடத்து லிப்டின் குழிக்குள் இறங்கி அடிப்பக்க ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அக்கா கால்நடை டாக்டருக்குத்தானே படிக்கறாங்க?"

"ம்."

"எனக்கும் அதான் ஆசை. அக்காகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

"வெப்சைட்ல எல்லாம் போட்டிருப்பாங்களேம்மா."

"அதெல்லாம் படிச்சு முடிச்சாச்சு. எத்தனை வருஷம், எத்தனை மார்க், எல்லாம் தெரியும். அதுல போடாததைத்தான் கேக்கணும். முதல் தடவை செத்த மிருகத்தை அறுக்கச் சொன்னப்ப அக்காவுக்கு என்ன பண்ணுச்சு? இதைப் போய் எந்த வெப்சைட்ல தேடறது?"

மகளுடைய நம்பரைத் தருகிறேன், நீயே கேள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிக் கொடுத்தால், அப்பாவுக்கு மகளின் படிப்பைப் பற்றி அ-னா ஆ-வன்னா தெரியாது என்பது அம்பலமாகிவிடும். அது மட்டுமல்ல. 'அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்.' எந்த அப்பாவும் யோசிக்காமல் சொல்லிவிடக்கூடிய சாதாரண வாக்கியம். அதைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார், குழிக்குள்ளிருந்து.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடப் பார்த்தார். அவளா சிக்குவாள்? "உங்க கையிலயும் ஒரு போன் இருக்கே" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவருடைய மதிய இடைவேளைகள் மாறிப்போயின. மொட்டை மாடி மோட்டார் அறையில், சாப்பாட்டு டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து, மாடு ஈனும் வீடியோ, குதிரைக்கு லாடம் கட்டும் வீடியோ என்று பார்த்துத் தள்ளினார். ஹெல்ப்பராக வரும் ஆள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, லிப்டை விட்டுட்டு மாட்டுப் பண்ணை வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தான். வீடியோவில் இல்லாததை மகளை வைத்து ஊகித்தார். அவள் இதற்கு என்ன செய்திருப்பாள், எப்படி முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள் என்று கண்ணை மூடி யோசிப்பார்.

"அக்கா சொன்னா, முதல் நாள் ஒண்ணும் ஆகலையாம். ரெண்டாம் நாள்தான் சாப்பாடு இறங்கலையாம்."

"அக்கா சொன்னா, எலும்புகளோட பேரு மண்டையில ஏறலைன்னு ஒரு எலும்பைத் தலையணை பக்கத்துல வச்சுக்கிட்டே தூங்கினாளாம்."

இரண்டாவது முழுப் புளுகு. ஆனால் வாய்ப்பாடு படிக்கிற வயதில் அவள் அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவள். அதை நினைத்துத்தான் எடுத்துவிட்டார். 'அக்கா சொன்னா' என்று தொடங்கும்போதெல்லாம், அவள் நிஜமாகவே போன் பண்ணிச் சொன்ன மாதிரி நெஞ்சுக்குள் ஒரு குளுமை இறங்கும். கேள்விக்குறி போன பிறகு அது வெறும் காற்றாகிவிடும்.

இரண்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. கால்நடை மருத்துவம் படிக்க நினைக்கும் பள்ளி மாணவர்கள் ஒரு நாள் நேரில் வந்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும்.

"எனக்கு அன்னிக்கு டியூட்டிண்ணா. நீங்க கூட்டிட்டுப் போக முடியுமா? உங்க பாப்பாவும் அங்கதானே இருக்கு" என்றாள் நர்ஸம்மா.

லிப்டும் சுவரும் ஒன்றாக வந்து நசுக்கியது போலிருந்தது அவருக்கு. தலையாட்டிவிட்டார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "நீயும் வாயேன்" என்றார். "நான் எதுக்கு? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள்.

இரண்டு மணி நேரப் பஸ் பயணம். வழியெல்லாம் கேள்விக்குறி நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். கல்லூரி வாசலில் பெயர் எழுதிக் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். கூட்டத்தை இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். இவர்களுடைய கூட்டத்துக்கு முதலில் பெரிய கொட்டகை. சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். வைக்கோலும் மருந்தும் கலந்த வாடை. நடுவில் இரும்புக் குழாய்களுக்கு இடையே ஒரு பழுப்புப் பசு நின்றது. அதன் இடது விலாவுக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ரப்பர் மூடி. பக்கத்தில் முழங்கால் வரை பூட்ஸும் பச்சை மேலங்கியுமாக, முடியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றவள் அவருடைய மகள்.

அவர் நைசாக ஒரு உயரமான ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"வாங்க, பயப்படாம கிட்ட வாங்க. இது ரொம்ப சாதுவான பசு" என்று ஆரம்பித்தாள் மகள். "ஆபரேஷன் பண்ணி இந்த மூடியை வச்சிருக்கோம். உள்ள தீனி எப்படிச் செரிக்குதுன்னு இது வழியாப் பாக்கலாம். இதுக்கு வலி கிடையாது."

அரை மணி நேரம் பேசினாள். ஒரு ஆள் "ராத்திரியில கூப்பிட்டா பொம்பளைப் பிள்ளை எப்படிங்க போறது?" என்று கேட்டபோது, "பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து இத்தனை வார்த்தை அவர் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று, அடுத்த வீட்டுத் தண்ணீரைத் திருடிக் குடிப்பவர் போல, ஒவ்வொரு சொல்லாகக் குடித்தார்.

அப்போது கேள்விக்குறி கையைத் தூக்கினாள்.

"அக்கா, பசுவுக்கு வயிறு ஒண்ணுன்னு சொல்றீங்க. ஆனா மாமாகிட்ட நாலு வயிறுன்னு சொன்னீங்களாமே?"

"எந்த மாமா?"

"உங்க அப்பாதான் அக்கா. நீங்க சொன்னதையெல்லாம் வந்து சொல்லுவாரு. நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ரெண்டாம் நாள் சாப்பாடு இறங்கலைன்னது, எலும்பைத் தலையணை பக்கத்துல வச்சுத் தூங்கினது..." என்று நோட்டைத் திறந்தாள். உயரமான ஆள் யாரென்று பார்க்க நகர்ந்தார். இவர் வெட்டவெளியில் நின்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். அவருடைய காது மடல் கொதித்தது. பொய்யென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

"நான் அவசரத்துல தப்பாச் சொல்லியிருப்பேன்" என்றாள் மகள், நிதானமாக. "வயிறு ஒண்ணுதான். அதுக்குள்ள நாலு அறை. மாத்தி எழுதிக்கோ." பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எலும்பு விஷயம் நிஜம். முன்னங்கால் எலும்பு. பரீட்சை முடியற வரைக்கும் பக்கத்துலதான் இருந்துச்சு. அதை நான் யார்கிட்டயும்... அம்மாகிட்ட கூடச் சொன்னதா ஞாபகம் இல்ல."

அவர் மறுபடி யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்கவில்லை.

மாணவர்கள் ஒவ்வொருவராக நீளக் கையுறை போட்டு மூடி வழியாகக் கையை விட்டுப் பார்த்தார்கள். கேள்விக்குறி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டாள். "பெத்தவங்கள்ல யாராவது?" என்று மகள் கேட்டபோது, அவருடைய கால் தானாக முன்னே வந்தது. அவள் கையுறையைத் தோள் வரை இழுத்துவிட்டாள். அவள் விரல்கள் அவர் கையில் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்க அவருக்கு அப்போது தெம்பில்லை.

உள்ளே வெந்நீர் போலச் சூடு. ஈரத் தீனி. திடீரென்று எல்லாம் சேர்ந்து அவர் கையைப் பிசைந்து நகர்த்தியது.

"அட, இழுக்குதே! இது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?"

"நிமிஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை."

"இதுக்கு மோட்டார் எங்க இருக்கு?"

கூட்டம் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. "மூளையிலேர்ந்து ஒரு நரம்பு நேரா வருதுப்பா. அது அடிபட்டா இது நின்னுடும். வயிறு உப்பிடும்" என்று, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்றுவிட்டது. கையுறையை உருவும்போது அவள் அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"ஏம்ப்பா என்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீங்கதானே பேசக் கூடாதுன்னீங்க?"

"ஆமா. சொன்னேன்" என்றார். அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். "பாத்துப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இடையில் இருபது தலைகள்.

திரும்பும் பஸ்ஸில் கேள்விக்குறி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "மாமா, எனக்கு இது சரிப்பட்டு வருமான்னு தெரியல" என்றாள்.

"ஏம்மா? நல்லாத்தானே கையை விட்டே?"

"கை விட்டப்ப எனக்கு எப்படா வெளிய எடுப்போம்னு இருந்துச்சு. அக்கா பேசறப்ப அவங்க கண்ணு எப்படி இருந்துச்சு பாத்தீங்களா? எனக்கு அப்படி எதுல இருக்கும்னு யோசிக்கணும்."

"தாராளமா யோசி. அதுக்குத்தானே வந்தோம்" என்றார். அவளுக்காக அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பஸ் கொஞ்ச தூரம் போனதும்தான் உறைத்தது: இனி இவள் கேள்வி கேட்க மாட்டாள். 'அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று சொல்ல ஆள் கிடையாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை வெளியே பார்த்தபடி இருந்தார்.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் மதியம், மோட்டார் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே போனை எடுத்து மகளின் நம்பரை அழுத்தினார்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது...?" பதறினாள் அவள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல."

"அந்தப் பொண்ணு ஏதாவது கேக்கச் சொன்னாளா?"

"அவ ஒண்ணும் கேக்கல." மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. "நான்தான். அந்தப் பசு எப்படி இருக்கு?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள். "நேத்து மட்டும் சரியாத் தின்னல. பல்லைப் பாத்தோம்..." என்று தொடங்கினாள். அவர் அங்கிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். நாலைந்து நிமிடம் சொல்லியிருப்பாள். பாதி அவருக்குப் புரியவில்லை. "வார்டுக்கு நேரமாச்சுப்பா. புதன்கிழமை நானே கூப்பிடறேன்" என்று வைத்தாள்.

புதன்கிழமை அவள் கூப்பிடவில்லை. அன்று முழுக்கப் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார் அவர். வியாழக்கிழமை மதியம் மணி அடித்தது. எடுத்ததும், "அப்பா, நேத்து ஒரு குதிரைக்குப் பிரசவம்" என்றாள்.