ஐந்நூறு பேருக்கு ஒரே ஊர்

காலையில் சமையலறையில் தம்பி அவளை "மேடம்" என்று கூப்பிட்டான். "மேடம், கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா தண்ணி பிடிச்சுக்குவேன்." கூடப் பிறந்த அக்காளை, அதுவும் தலைகூட வாராமல் நிற்கிறவளை, ஒருவன் மேடம் என்றால் உள்ளே எவ்வளவு கோபம் பொங்கிக்கொண்டிருக்க வேண்டும்! ஒரு வாரமாக வீட்டில் இதே கூத்துதான். "உங்க ஆபீஸை ஆபீஸ்லயே வச்சுட்டு வந்தா என்ன குறைஞ்சா போகும்?" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

விஷயம் இதுதான். இருவரும் ஒரே விமான நிறுவனத்தில் வேலை. அவன் விமானி. எந்த ஊருக்கு எந்த விமானத்தை விடுவது, வாரத்தில் எத்தனை தடவை விடுவது என்று திட்டம் போடுவது அக்காவின் வேலை. எந்தப் பேச்சை எடுத்தாலும் "எத்தனை சீட்டு காலி?" என்று கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் காலிசீட்டு என்றே பெயர். முதலாளியம்மாவோ, மாடி வைத்த ராட்சச விமானங்கள் எட்டு வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். வாங்கினால் முதல் விமானத்துக்குத் தம்பிதான் கேப்டன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். சின்ன வயதில் மொட்டை மாடியே கதியென்று கிடந்து, தலைக்கு மேலே போகிற விமானத்துக்கெல்லாம் கையாட்டியவன் அவன். சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வேண்டாம் என்று சொன்னவள் காலிசீட்டு ஒருத்திதான்.

"உன் பேச்சைத் தட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றிருந்தார் முதலாளியம்மா. "ஆனா அந்தத் தலகாணி மாதிரி அறிக்கையை எல்லாம் என்னால படிக்க முடியாது. ஏன் வேண்டாம்னு என் மண்டையில ஏறுற மாதிரி சொல்லு. அந்த விமானத்துல ஒரு சுத்து போகப்போறோம்ல, அது தரையிறங்குறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா போட்டுடுவேன்." இரண்டே இரண்டு குட்டி விமானங்களோடு தொழிலைத் தொடங்கியவர் அவர். அட்டவணையைக் காட்டினால் கொட்டாவி விடுவார். கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார்.

அன்றைக்குத்தான் விமானம் செய்கிற நிறுவனம் அந்த ராட்சசனைக் காட்டுவதற்காகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தது. "ஊழியர்கள் எல்லாரும் குடும்பத்தோட வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்," என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? பெண்டு பிள்ளைகளோடு விமான நிலையமே திமிலோகப்பட்டது. அம்மாவும் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

காலிசீட்டு கையில் அறிக்கையோடு ஓடுதளத்துப் பக்கம் வந்தவள், அண்ணாந்து பார்த்தாள். இரண்டு வரிசை ஜன்னல்கள். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு காரை நிறுத்திவிடலாம். வால் எங்கேயோ வானத்தில் இருந்தது. "அடப்பாவி, இவ்வளவு அழகா இருந்து தொலைக்கிறியே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த தம்பி அதைக் கேட்டுத் திரும்பினான். சிரிக்க வந்தவன், கோபம் ஞாபகம் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விமானி அறைக்குப் போய்விட்டான். ஓட்டப் போகிறவர்களுக்குப் பின்னால் அவனுக்கு ஓர் இருக்கை போட்டிருந்தார்கள்.

விமானத்துக்குள் மாடிப்படியைக் கண்ட பிள்ளைகளை யாரால் பிடிக்க முடியும்? மேலே ஓடுவதும் கீழே ஓடுவதுமாக ஒரே ரகளை. ஒருவழியாக எல்லாரையும் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டினார்கள். விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய உடம்பு எங்கே எழும்பப் போகிறது என்று அவள் நினைப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே வீட்டுக் கூரைகள் தீப்பெட்டிகளாகிவிட்டன. ஐந்நூறு பேரும் ஓவென்று கத்தினார்கள். அவளும் கத்தினாள். எதற்கு எதிராகப் பேச வந்தோம் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது.

விற்பனை அதிகாரி வந்து முதலாளியம்மா பக்கத்தில் குனிந்தார். "ரெண்டு விமானம் செய்யற வேலையை இது ஒண்ணே செய்யும். பெரிய நிலையங்கள்ல இறங்குறதுக்கு நேரம் ஒதுக்கி வாங்குறதே பெரும்பாடு. கிடைக்கிற ஒரு நேரத்துல ரெண்டு பங்கு ஆளை இறக்கலாமே?"

"நியாயமான பேச்சுதானே?" என்றார் முதலாளியம்மா.

"நியாயம்தாம்மா," என்றாள் காலிசீட்டு. "கூட்டம் அலைமோதுற ஒரு வழிக்கு மட்டும்னா, கண்ணை மூடிட்டு ஒண்ணு வாங்கலாம். மத்த ஏழையும் எங்க ஓட்டுறது? தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே ஊருக்குப் போறதுக்கு ஐந்நூறு பேரை எங்க பிடிக்கிறது?"

"எங்க பிடிக்கிறதா? திரும்பிப் பாரு!" முதலாளியம்மா கையை விரித்தார். "மாடியும் ரொம்பிடுச்சு, கீழயும் ரொம்பிடுச்சு. ஒரு சீட்டாவது காலியா இருக்கா? காலிசீட்டு தோத்துட்டா!"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்தச் சிரிப்பிலேயே ஒன்று பளிச்சென்று பட்டது. இவர்கள் யாரும் எந்த ஊருக்கும் போகவில்லையே! அறிக்கையை இருக்கையில் போட்டாள். விறுவிறுவென்று நடந்து போய்ப் பணிப்பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். காலிசீட்டு பேசறேன்." மாடியிலிருந்து ஒரு விசில் வந்தது. "இந்த விமானம் இப்பவே நீங்க ஆசைப்படுற ஊருக்கு நேராப் போகும்னு வச்சுக்குங்க. எங்க போகணும்? சத்தமாச் சொல்லுங்க!"

சொன்னார்களா? கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று.

"என் பொண்ணு படிக்கிற ஊருக்கு!"

"கடல் இருக்கிற ஊருக்கு!"

"பனி கொட்டுற இடத்துக்கு!"

"எங்க அம்மா வீட்டுக்கு!" என்றாள் ஒரு மெக்கானிக்கின் மனைவி.

"அதைத் தவிர எங்க வேணா!" என்றான் மெக்கானிக். அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"எனக்கு வீட்டுக்குப் போகணும், கேஸை அணைச்சேனான்னு தெரியல!" இது அம்மா.

மாடிப்படியில் ஒரு பணிப்பெண் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். "மேல ஒரு மச்சானும் மாப்பிள்ளையும் மலையா கடலான்னு அடிச்சுக்கிறாங்க மேடம்!"

"சரி, சரி. இத்தனை ஊருக்கும் இந்த ராட்சசனை விட முடியாது, அதனால எல்லாரையும் ஒரு பெரிய ஊருல மொத்தமா இறக்கிவிடறேன். அங்க பாதி நாள் காத்திருந்து, வேற விமானம் மாறி, அவங்கவங்க ஊருக்குப் போய்க்கலாம். சம்மதம்னா கை தூக்குங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து கைகள்தான் எழுந்தன. "குழந்தைகளை இழுத்துக்கிட்டு பாதி நாளா?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "சின்ன விமானமா இருந்தாலும் பரவாயில்ல, நேரா ஒண்ணு விடுங்களேன்!"

முதலாளியம்மா கொட்டாவி விடவில்லை. எழுந்து நின்று அந்தத் தூக்காத கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"அக்கா..."

தம்பியின் குரல்.

"நீ கேட்டது இங்கயும் கேட்டுச்சு. எனக்கு எங்கயும் இறங்க வேண்டாம்க்கா. இது இப்படியே போயிட்டே இருந்தாப் போதும். ஐந்நூறு பேருல அப்படி நினைக்கிறது நான் ஒருத்தன்தான் போலிருக்கு. நீ சொல்றதுதான்க்கா சரி."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷமா, அவன் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்ற துக்கமா, அக்கா என்று கூப்பிட்டுவிட்டானே என்ற நிம்மதியா? மூன்றும்தான்.

முதலாளியம்மா கையெழுத்துக்காக வைத்திருந்த பேனாவைப் பைக்குள் போட்டார். "மாடி வேண்டாம். இவங்க இத்தனை ஊரு கேக்கறாங்களே, அங்கெல்லாம் நேராப் போய் இறங்குற மாதிரி, சின்ன உடம்பும், நடுவுல நிக்காம ரொம்ப தூரம் போற நீள மூச்சுமா விமானம் இருக்கான்னு பாரு. முதல் விமானத்துக்கு உன் தம்பிதான் கேப்டன். என் வாக்குல மாத்தமில்ல."

"எங்ககிட்ட சின்னதும் இருக்கு!" என்று விற்பனை அதிகாரி சட்டென்று பையிலிருந்து சின்ன விமானப் படக் கட்டு ஒன்றை உருவினார்.

தரையிறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. விமானம் மெல்லத் தாழ ஆரம்பித்தது. காலிசீட்டு இன்னும் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி. இறங்குறதுக்கு முன்னாடி இன்னொரு சுத்து சுத்தணும்னா கை தூக்குங்க!"

கேட்டு முடிப்பதற்குள் தன் கையைத்தான் முதலில் தூக்கினாள். அப்புறம் மாடி, கீழ், பெரியவர், பிள்ளை என்று அத்தனை கைகளும் எழுந்தன. கேஸ் கவலையில் இருந்த அம்மா இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள். முதலாளியம்மாவும் தூக்கியிருந்தார். விற்பனை அதிகாரி எல்லாரையும் ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, விமானி அறைக்குச் சொல்லப் போனார்.

"ஏம்மா," என்றார் முதலாளியம்மா அவள் காதருகே, "எந்த ஊருக்கும் போகாத இந்த வழிக்கு டிக்கெட் விக்க முடியுமா?"

"தெரியலம்மா. ஆனா சீட்டு ஒண்ணுகூட காலியா இருக்காது."

எஞ்சின்கள் மறுபடி உறுமின. ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தான் போலும். தம்பி சின்னப் பையன் மாதிரி ஹோவென்று கத்தியது ஐந்நூறு பேருக்கும் கேட்டது. விமானம் இடது பக்கம் சாய்ந்து திரும்பியது. அவள் ஒரு ஜன்னலைத் தேடி ஓடினாள்.