கரையில் நின்ற பச்சைப் புள்ளி

கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டு நாங்கள் டீ குடித்து முடித்தோம். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தியா எழிலா? இப்டித்தான் பேஜாரு பண்ணிகினு கீது," என்றார் தாமோதரன்.

நாங்கள் இருந்தது அவர் வீட்டில். படகும் அவருடையது. அதில் போனவர்களில் ஒருவர் என் அக்கா அங்கம்மாவின் புருஷன் ஜெயவேல். திரும்ப வேண்டிய நாள் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். காசிமேட்டிலிருந்து போன மற்ற படகுகளெல்லாம் உள்ளே வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

படகில் ஒரு கருவி இருக்கும். படகு இருக்கும் இடத்தை அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கரையில், மீன்வளத்துறை ஆபீசிலும் படகுச் சொந்தக்காரர் கம்ப்யூட்டரிலும், மேப்பில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். அக்கா காலையிலேயே ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அவர்கள் மேப்பைப் பார்த்தார்கள். படகு கரையில்தான் நிற்கிறது, கரையில் நிற்கிற படகைத் தேட யாரையும் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"கரையில எங்கண்ணே நிக்குது? ஒவ்வொரு போட்டயும் பாத்துட்டு வரேன்," என்றாள் தாமோதரனிடம்.

"அவனுங்க மிஷினு தப்பா காட்டும்மா. நம்ம கம்ப்யூட்டர் பொட்டில கரெக்டா வரும். ஆனா இது தொறக்க மாட்டேங்குதே, நான் இன்னா பண்றது?"

அதனால்தான் என்னை இழுத்து வந்தாள். நான் நைட் ஷிப்டில் வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர்களைப் போன் வழியாகச் சரிசெய்துகொண்டிருந்தவன். ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான்.

"வேலைய வுட்டவன்கிட்டயே வேலைய குடுக்குறியே அங்கம்மா," என்று தாமோதரன் சிரித்தார். "கடையில குடுத்தா நாளைக்கு ரெடி பண்ணிடுவான்."

"நாளைக்கா? உன் புள்ள அந்த போட்ல கீறான்னா நாளைக்குன்னு சொல்லுவியா?"

சிரிப்பு நின்றது.

அது துபாய் போன அவர் மகன் விட்டுச்சென்ற கம்ப்யூட்டர். திரைக்குப் பின்னால் என்னென்ன ஓடுகின்றன என்று பார்த்தேன். இரண்டு ஆன்டி வைரஸ் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்து ஓயாமல் சோதனை போட்டுக்கொண்டிருந்தன. மகன் விளையாடிய கேம், விளையாட ஆளில்லாமல் விழித்திருந்தது. பிரிண்டரில் மை தீர்ந்ததா என்று பார்க்க ஒன்று. பிரிண்டர் எங்கே என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். சினிமா இறக்கும்போது கூடவே ஏறிக்கொண்ட, பெயர் தெரியாத சில. கம்ப்யூட்டர் எழும்போதே இவையும் எழுந்து மெமரியை அடைத்துக்கொள்ளும். மேப்புக்கு உட்கார இடமில்லை.

ஒவ்வொன்றாக நீக்கினேன். நீக்கட்டுமா என்று கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. பிறகு யோசித்தது. பக்கத்தில் அக்கா ஜெயவேலின் நம்பரைப் போட்டபடியே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னாடா அத்த கெஞ்சிகினு கீற? அறுத்து வுடு."

"அறுத்துகினுதான்கா கீறேன்."

"போதும் நைனா," என்றார் தாமோதரன். "மேப்பு சாப்ட்வேரும் சேந்து போய்டப் போவுது. இத்தோட வுட்டுடு."

அதை நான் தொடவே இல்லை. கேட்காமல் எழுந்துகொள்கிற மிச்சத்தையும் நிறுத்திவிட்டு மறுபடி முடுக்கினேன். வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றி ஓடிப்போனது. மேப் சட்டென்று திறந்தது. தாமோதரன் எழுந்து வாசலில் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடலும் கரையும் சேரும் இடத்தில் பச்சைப் புள்ளி. மேலே அவருடைய படகின் எண்.

"வந்துட்சா? டேய், வந்துட்சா?"

"இருக்கா."

பெரிதாக்கினேன். பழையபடி இருந்திருந்தால் இந்த இடத்தில் திரை உறைந்திருக்கும். இப்போது தடங்கலில்லாமல் விரிந்தது. புள்ளி தண்ணீரில் இல்லை. படகுத்துறையிலும் இல்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஐஸ் கம்பெனிக்கும் இந்தப் பக்கம், எங்கள் தெருவில் இருந்தது. அம்மன் கோயிலுக்கு அடுத்த மாடி வீடு.

"எங்கடா காட்டுது?"

"இந்த வூட்டத்தான்கா."

வானம் பார்த்து வைத்தால்தான் அந்தக் கருவி வேலை செய்யும். அவள் மாடிக்கு ஓடினாள். இறங்கும்போது ஒரு கையில் வெள்ளைக் கருவி, இன்னொரு கையில் பேட்டரி. நடுவில் வயர் தொங்கியது. கருவியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தாமோதரன் சுவரைப் பார்த்துப் பேசினார். "ஊருல எவன்தான் செய்யல? இது போட்ல இருந்தா நம்ம எங்க வலை போட்றோம்னு பாத்து எல்லாவனும் பின்னாலயே வந்துட்றான். அது நான் கண்டுபுடிச்ச எடம். அதான் கழட்டி வச்சேன். ஆஃப் பண்ணா ஆபீஸ்ல கேள்வி வரும், அதான் பேட்டரி..."

"எந்த எடம்?"

அவர் வாசல் பக்கம் நகர, அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"எந்த எடம்னு கேட்டேன்."

"வடக்க. ஆந்திரா பக்கம். சொன்னா ஆபீஸ்காரனுங்க போட்ட புடிச்சிப்பானுங்கம்மா. கொஞ்சம் பொறு. ஜெயவேலு வெவரமானவன், எங்கனா ஒதுங்கியிருப்பான்."

நான் கடலோரக் காவல் படையின் அவசர எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அவர் வாயருகே நீட்டினேன். படகு எந்த இடத்தில் என்று கேட்டார்கள். அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

"சொல்லு," என்றாள் அக்கா. "இல்லன்னா இத்த அப்டியே தூக்கினு போய் போட்ல போன மத்தவங்க பொண்டாட்டிங்ககிட்ட காட்டுவேன்."

சொன்னார். பிள்ளை பிறந்த தேதியைச் சொல்வதுபோல, யோசிக்காமல், எண் எண்ணாகச் சொன்னார். அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். பிறகு அந்த ஆள், "புயல் இப்ப அங்கதான் சார் இருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார். கப்பலுக்குத் தகவல் அனுப்புவதாகச் சொன்னார். போகும் என்று சொல்லவில்லை.

அக்கா வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

"இனிமே போட்டு கரையில கீதுன்னு ஒருத்தனும் சொல்லக் கூடாது," என்றாள். தரையில் உட்கார்ந்து ஜெயவேலின் நம்பரை மறுபடி போட்டாள்.