ஜெபரத்தினம் வாத்தியார் பார்த்துவிட்டு வந்த படம்

விளக்குகள் அணைந்து படம் தொடங்கிய பிறகுதான் ஜெபரத்தினம் கொட்டகைக்குள் நுழைந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், சபையில் மூப்பர். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்து வெளியில் போட்டிருந்த டூரிங் கொட்டகையில் அவரை யாரும் பார்த்துவிடக் கூடாது. ஆசைப்பட்டு வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு திருத்தணிக்கு வந்த இந்தப் படத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேச்சு. வயிறு நோகச் சிரிப்பு என்றார்கள் சிலர்; தாசி வீடு, குடி, காது கூசுகிற பேச்சு என்றார்கள் சிலர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சற்குணம் அவரிடம் வந்தான்.

"பொம்பளைங்க போவலாமான்னு கேட்டுகினே இருக்காங்க. நீங்க ஒரு தபா பாத்துட்டு சொன்னா, அதும்படி செய்றோங்க."

மற்ற ஆண்களும் அதையே சொன்னார்கள். ஒப்புக்கொண்டார். இன்று சாயங்காலம் அவர் மனைவி தேவசுந்தரி, பக்கத்துத் தெரு ஞானம்மாளுக்கு உடம்பு சுகமில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டதால், எங்கே போகிறேன் என்று வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரையில் ஒரு பெரிய மனிதர். பகலெல்லாம் ஊருக்கு உபதேசம், பொழுது சாய்ந்தால் தாசி வீடு. அவர் மனைவி ஆண் வேஷம் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய், தாசியின் எதிரிலேயே புருஷனைத் துடைப்பத்தால் விளாசினாள். அடி விழ விழ அவர் வேதாந்தம் பேசினார். இது குடும்பத்தோடு பார்க்கிற படமில்லை என்று ஜெபரத்தினம் முடிவு கட்டிய நேரத்தில், இடுப்பளவு மண்சுவருக்கு அப்பால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை. மூச்சு வாங்கி, அடங்கி, மறுபடி பீறிட்டது. ஆண்கள் படத்தை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். இவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இருப்பானே என்று அவர் நினைத்தார். முகம் தெரியாத அந்த மனிதனுக்காக வெட்கப்பட்டார்.

ரீல் மாற்ற விளக்கு போட்டார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் தேவசுந்தரி. அவளை ஒட்டி ஞானம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்து சற்குணத்தின் மனைவி.

தேவசுந்தரியும் அவரைப் பார்த்தாள். எழுந்து போகவும் முடியாமல் அவர் அப்படியே இருந்தார். விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு திரையில் என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு மறுபடி வருகிறதா என்று மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

படம் விட்டதும் ரயில்வே கேட் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தாள். அங்கே அவர் நின்றார்.

"என்கிட்ட பொய் சொல்லிட்டா வந்தே?"

"ஆங்."

"இதான் முதல் தடவையா?"

"மூணாவது தபாங்க."

அவள் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நான் சபைக்காக வந்தேன்" என்றார் அவர், யாரோ கேட்டது போல.

"நான் சிரிக்கத்தாங்க வந்தேன்."

பொய்கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளின் சிரிப்பை அவளுடையதென்று காது கண்டுபிடிக்கவில்லையே. வீட்டில் அவள் சிரித்ததே இல்லையா, அவர் எதிரில் மட்டும்தான் இல்லையா? இரவெல்லாம் புரண்டு படுத்தார்.

காலையில் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நான் கொட்டகைக்குள்ள வர்றதுக்கு முன்னால படத்துல என்ன வந்தது?" என்று கேட்டார்.

விசாரணையா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். ஆண் வேஷம் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் புருஷன் நடக்கிறதை ஒளிந்திருந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் எழுந்து, கொடியிலிருந்த அவருடைய துண்டை உருவித் தலைப்பாகை கட்டினாள். கைகளைப் பின்னால் கோத்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாலடிக்கு ஒருதரம் நின்று தொண்டையைக் கனைத்தாள். இல்லாத பெஞ்சுகளுக்கு நடுவே திரும்பி யாரையோ முறைத்தாள்.

அது படத்தில் வந்த மனிதரின் நடை அல்ல. ஜெபரத்தினத்துக்கு அது யாருடைய நடை என்று தெரிந்தது.

"வாத்தியாரய்யா" என்று வெளியே சற்குணத்தின் குரல் கேட்டது. "இன்னாங்க சொல்றீங்க? பொம்பளைங்க போவலாமா?"

அவர் எழுந்தார். தொண்டையில் வந்த கனைப்பை விழுங்கிக்கொண்டார். தேவசுந்தரி தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. பின்னால் கோத்த கையோடு, தோளில் சரிந்த துண்டின் முனையோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள்.