வரி விழாத தொகை

"டாக்டருக்க முன்னால மட்டும் இருமாதேயும், சம்பந்தி. அது போதும்" என்று சொல்லிவிட்டுச் செல்வதாஸ் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த அவர் மனைவி நேசபாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்த்தாண்டத்தை அடுத்த அந்த வீடு, தாலுகா கச்சேரியில் குமஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்ற ஞானதாசனுடையது. அவர் மகள் தேவகனிக்கும் செல்வதாஸின் மகனுக்கும் சபையில் மூன்று ஞாயிறு அறிவிக்கவேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முன் சீதனத்தைக் கூட்டிக் கேட்க வந்திருந்தார் செல்வதாஸ். ஓலை நின்றுபோன பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் எளிதில் கட்டமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும்.

வழியையும் அவரே காட்டினார். பென்ஷனில் பாதியைச் சர்க்காருக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரே தொகை வாங்கிவிடலாம். இன்னும் பல வருஷம் இருப்பார் என்று டாக்டர் எழுதித் தந்தால் போதும்.

"மீதிப் பாதி இவளுக்க மருந்துக்கே காணாதே" என்றார் ஞானதாசன். உள்ளே மனைவி படுக்கையிலிருந்தாள்.

"மாசாமாசம் வாங்கினா வரி பிடிப்பான், வேய். தொகையா வாங்கினா வரியில்ல. நான் வருமானவரி ஆபீசுல இருந்தவனாக்கும்!"

செல்வதாஸ் எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவில் ஒப்பமிட ஞானதாசன் பேனாவை எடுத்தார்.

"மாமா, அப்பாவுக்க பென்ஷனுக்கு வரி வருமா?" அடுக்களை வாசலிலிருந்து தேவகனி கேட்டாள்.

செல்வதாஸ் பேராசைக்காரர், ஆனால் நேருக்குநேர் பொய் சொல்லிப் பழகாதவர். "அது... சின்ன வருமானத்துக்கு வராது, பிள்ளே. வயித்துப்பாட்டுக்கு உள்ளத சர்க்கார் தொடாது."

"பின்ன நீங்க மட்டும் ஏன் மாமா தொடுதிய?"

அவர் முகம் கறுத்தது. "ஏட்டி, மூணாவது ஓலைய நிறுத்தட்டா?"

"மக்கா, உள்ள போ" என்று ஞானதாசன் கெஞ்சினார்.

தேவகனி மேசையருகே வந்தாள். அப்பாவின் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள். "நீங்க அலையாண்டாம், மாமா. ஓலைய நிறுத்த போதகரய்யாட்ட நானே சொல்லிருதேன்."

முற்றத்தில் இறங்கினாள். வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சபைக் கோயில் கூப்பிடு தூரந்தான். அதற்கு மேல் அவளால் அடி வைக்க முடியவில்லை.

நேசபாய் எழுந்தாள்.

"எங்க எழும்புத?" என்றார் செல்வதாஸ்.

"ஒமக்குச் சீதனம் தரதுக்கு எனக்க அப்பனும் இருந்த வயல வித்தாரு. கடைசியில சபைக் கஞ்சிக்குப் பாத்திரம் நீட்டினாரு. நீரும் பாத்தீருல்லா?"

அவள் முற்றத்தில் இறங்கி, தேவகனியின் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியாப் போவாத, மக்கா. நானும் வாறேன்."