குறைந்ததற்குக் கட்டம் இல்லை

பிரேசில் முழுக்க மின்பஞ்சம்; இவ்வளவுதான் எரிக்கலாம் என்று வீட்டுக்கு வீடு இலக்கு வைத்திருக்கிறார்கள். போன வருடக் குளிர்காலத்தில் எரித்த மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை நான் குறைக்கவில்லையாம். அபராதம் போட்டதோடு, அடுத்த மாதமும் மீறினால் இணைப்பைத் துண்டிப்போம் என்று தாள் அனுப்பிவிட்டார்கள். காம்பினாஸ் நகரமே பச்சைத் தண்ணீரில் குளிக்கிறது, நானும்தான். ஃப்ரீசரை நிறுத்தி, அதற்குள் போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் எதை நிறுத்துவது?

மின் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த ரோசில்டா, இலக்கைத் திருத்தும் படிவத்தை எடுத்தாள்.

"வீட்டுல ஆள் கூடியிருக்காங்களா, சுல்மிராம்மா? கொழந்த பொறந்திருந்தா, யாராவது வந்து தங்கியிருந்தா எழுதலாம்."

"கூடல, கொறஞ்சிருக்கு. போன குளிருக்கு என் வீட்டுக்காரர் அன்செல்மோ இருந்தாரு. இப்ப நான் மட்டும்."

அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொறஞ்சதுக்கு இதுல கட்டமே இல்லயே. ஒரு ஆள் போனா கரண்டும் கொறையணும்ல? உங்களுக்கு ஏறியிருக்கு."

"ஏறத்தான் செய்யும். அப்ப சமையக்கட்டுல ஒரே பல்பு. அவரு பேப்பர் படிப்பாரு, நான் பீன்ஸ்ல கல்லு பொறுக்குவேன். இப்ப எந்த ரூமும் இருட்டா இருந்தா எனக்கு ஆகல. எல்லா லைட்டையும் போட்டு வைக்கிறேன். டிவியும் ஓயாம பேசணும்."

ரோசில்டா பேனாவை எடுத்தாள். புதிதாகத் தங்குபவர் என்ற கட்டத்தில் ஒன்று என எழுதினாள்.

"பேரு வேணும். யார் பேராவது சொல்லுங்க."

"அன்செல்மோன்னே போடு," என்றேன்.