முன்பே ஒட்டிய பெயர்

டாக்டரின் கோப்பில் இரண்டு ஆண்டுகளைக் காணோம். பதினோரு ஆண்டுகள் வேறொரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. பிறகு வெற்றிடம். பிறகு எங்கள் மருத்துவமனை. சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. என் அறிக்கையை வைத்துத்தான் அவரை நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

பழைய மருத்துவமனைக்கு இரண்டு முறை போன் செய்தேன். "இங்க வேலை பார்த்தாங்க. அதுக்கு மேல எதுவும் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டாள் அங்கிருந்த பெண். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் இப்படிப் பேசுவதில்லை.

"போலி டாக்டரா இருக்கும்டி, வாய்ப்பூட்டு" என்றார் தலைமை நர்ஸ் அக்கா. நான் அதிகம் பேசாததால் அவர் வைத்த பெயர். "நாம குடுக்கிற ஊசிய மூணு தடவ திருப்பித் திருப்பிப் பாக்குது அந்தம்மா. வேலை தெரிஞ்சவ அப்படியா பாப்பா?"

நேரில் கேட்பதைத் தவிர வழியில்லை. கோப்போடு அவசரப் பிரிவுக்குப் போனேன்.

விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வகை பார்க்க மாதிரி எடுப்பதற்கு அக்கா ஒரு குழாயை நீட்டினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

"ஏன் மேடம்? புதுக் குழாய்!"

"பேர் ஒட்டியிருக்கே."

"நேரம் மிச்சமாகும்னு முன்னாடியே ஒட்டி வெச்சேன்."

"வெறும் குழாய் குடுங்க. எடுத்த பிறகு இவர்கிட்டயே பேரைக் கேட்டு ஒட்டலாம்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'பாத்தியா' என்றார்.

டாக்டர் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அந்த ரெண்டு வருஷம்..." கோப்பில் வெற்றிடம் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

அவர் தண்ணீர்க் குழாயை மூடவில்லை. "ஒருத்தரோட ரத்தத்த, பக்கத்து பெட்காரர் பேர் ஒட்டியிருந்த குழாயில எடுத்துட்டேன். பக்கத்து பெட்காரருக்கு வேற வகை ரத்தம் ஏறிடுச்சு. அவர் பிழைக்கல. நானாத்தான் வேலைய விட்டேன். எழுதிக்கோம்மா."

அதையும் நான் நம்பவில்லை. உருக்கமான கதையை யாரும் சொல்லலாம்.

மூன்றாம் முறை போன் செய்தேன்; எடுத்தது அதே பெண். டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க அவசரப் பிரிவுல, ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குழாயில பேர் ஒட்டலாமா?"

"கூடாது. சுற்றறிக்கை இருக்கு."

"எப்போலேர்ந்து?"

காகிதம் புரளும் சத்தம். மாதமும் ஆண்டும் சொன்னாள். கோப்பில் வெற்றிடம் தொடங்கும் அதே மாதம்.

எல்லாவற்றையும் எழுதினேன், அந்தச் சாவையும். இன்று குப்பைக்குப் போன குழாயையும். கடைசியில் 'நிரந்தரமாக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வேலை சுலபமாகட்டும் என்று, இன்று போக வேண்டிய ஐந்து அறிக்கைகளின் உறைகளில் காலையிலேயே பெயர் ஒட்டி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் உரித்தேன். அறிக்கையை வெறும் உறையில் போட்டு, பெயரை இன்னொரு முறை படித்துவிட்டு ஒட்டினேன்.

வாசலில் அக்கா. "என்னடி, உனக்கும் தொத்திக்கிச்சா?"